நூலுரிமையும் பொதுவுரிமையும்

நிலத்திற்கு உடையவர் உண்டு. அதற்கு வரப்பு உண்டு, பட்டா உண்டு. வீட்டிற்கு உடையவர் உண்டு. அதற்குச் சுவர் உண்டு, பத்திரம் உண்டு. ஒரு பாட்டுக்கு உடையவர் யார்? ஒருவர் களத்திலிருந்து ஒரு மரக்கால் நெல்லை நாம் எடுத்துக்கொண்டால், அவருடைய குவியலில் ஒரு மரக்கால் குறைந்துவிடுகிறது. ஒருவர் பாடிய பாட்டை நாம் கற்றுப் பாடினால், அவரிடம் உள்ள பாட்டில் ஓரெழுத்தும் குறைவதில்லை. ஆகவே பாட்டு எல்லோர்க்கும் பொது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால், பாடியவருக்கும் பசி உண்டு. அவரை நம்பிய மனைவி மக்கள் உண்டு. அவருடைய உழைப்பின் பயனைப் பிறர் முழுதும் கொண்டுபோதல் அறமாகுமா? இவ்விரு நியாயங்களுக்கும் இடையே எல்லைக் கல்லை எங்கே நடுவது என்பதே நூலுரிமையின் வரலாறு. தனியுடைமையாக இருந்த பெரும் படைப்புகள் பொதுமக்களின் உடைமையாக மாறிய அவ்வரலாற்றைச் சுருக்கமாக இன்று காண்போம்.

ஏட்டுச் சுவடிக் காலத்தில் இவ்வினா எழவில்லை. புலவர் பாடினார், புரவலர் பரிசளித்தார். கேட்டு மகிழ்ந்தவர் அப்பாட்டைப் படியெடுத்துக்கொண்டார். ஒரு சுவடியைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதப் பல நாள் ஆகும், கை வலிக்கும், கண் மங்கும். அவ்வாறு எழுதியவரைத் திருடர் என்று எவரும் கருதவில்லை. நூலைக் காத்தவர் என்றே போற்றினர். திருக்குறளும் சிலப்பதிகாரமும் நம் கைக்கு வந்து சேர்ந்தமை, பெயர் தெரியாத அத்தகைய பலருடைய உழைப்பால்தான்.

அச்சுப்பொறி வந்தது, நிலைமை மாறிற்று. சில நாட்களில் ஒரே நூலை நூற்றுக்கணக்கில் ஆக்க முடிந்தது. நூல் கடைச்சரக்காயிற்று. சரக்கு என்றால் போட்டி உண்டு. போட்டி என்றால் வழக்கு உண்டு. இங்கிலாந்தில் 1557-ஆம் ஆண்டு அரசின் சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்னும் நூல் வணிகர் சங்கம் ஒரு வழக்கத்தை வளர்த்தது. சங்கத்தின் பதிவேட்டில் ஒரு நூலுக்கு எதிரே எந்த உறுப்பினரின் பெயர் எழுதப்பட்டதோ, அவரே அந்நூலை அச்சிடலாம்; அவருக்குப் பின் அவ்வுரிமையை விலைக்கு வாங்கியவர் அச்சிடலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் ஏறியது வணிகரின் பெயர். ஆசிரியரின் பெயர் அன்று.

இதன் பயனை மில்டன் என்னும் பெருங்கவிஞரின் வாழ்வு காட்டும். கண்ணொளி இழந்த நிலையில் அவர் பாடிய 'இழந்த சொர்க்கம்' என்னும் காவியத்தை 1667-ஆம் ஆண்டு சாமுவேல் சிம்மன்ஸ் என்னும் அச்சகத்தாருக்கு விற்றார். உடனே கிடைத்த தொகை 5 பவுன். முதற் பதிப்பு விற்ற பின் மேலும் 5 பவுன் கிடைத்தது. அவர் தம் வாழ்நாளில் அக்காவியத்தால் பெற்றது இந்த 10 பவுனே. 1674-இல் அவர் மறைந்தார். 1680-இல் அவருடைய மனைவியார் 8 பவுன் பெற்றுக்கொண்டு எஞ்சிய உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்தார். பின்னர் அவ்வுரிமை கை மாறி டான்சன் என்னும் நூல் வணிகர் குடும்பத்தை அடைந்தது. அக்குடும்பம் அதனால் பெருஞ்செல்வம் ஈட்டியது.

1710-ஆம் ஆண்டு ஆன் அரசியார் காலத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கல்வியை ஊக்குவிக்கும் சட்டம் என்பது அதன் பெயர். அச்சட்டம் இரண்டு புதுமைகளைச் செய்தது. நூலின் உரிமை முதற்கண் ஆசிரியருக்கே உரியது என்றது ஒன்று. அவ்வுரிமைக்குக் கால எல்லை உண்டு என்றது மற்றொன்று. புதிய நூலுக்கு 14 ஆண்டு. அதன் முடிவில் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு. முன்னரே அச்சாகியிருந்த பழைய நூல்களுக்கு 21 ஆண்டு. அதற்கப்பால் நூல் எவருக்கும் தனியுடைமை அன்று. எழுதியவர்க்கும் நியாயம், படிப்பவர்க்கும் நியாயம் என்று இரு தட்டையும் ஒக்க வைத்துத் தூக்கிய முதற் சட்டம் இது எனலாம்.

ஆயினும் இலண்டன் வணிகர் இதனை எளிதில் ஏற்கவில்லை. கெடு முடிந்த பின்னரும், "சட்டம் தந்த உரிமைதான் முடிந்தது, இயற்கை நீதியின்படி எங்கள் உரிமை என்றும் நிலைப்பது" என்று வாதாடினர். ஜேம்ஸ் தாம்சன் என்னும் கவிஞர் பருவங்களைப் பற்றி ஒரு நெடும்பாட்டுப் பாடியிருந்தார். ஆண்ட்ரூ மில்லர் என்னும் வணிகர் அதன் உரிமையை வாங்கினார். தாம்சன் 1748-இல் மறைந்தார். சட்டப்படி உரிமைக் காலம் முடிந்ததும், ராபர்ட் டெய்லர் என்பவர் அப்பாட்டை அச்சிட்டார். வழக்கு மூண்டது. 1769-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு தலைமை தாங்கிய நீதிமன்றம், உரிமை என்றும் நிலைப்பதே என்று தீர்ப்பளித்தது. நால்வருள் ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். அத்தீர்ப்பு நிலைத்திருக்குமானால், எப்பழைய நூலும் உரிமைச் சந்தையில் விலை கூறப்பட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

அப்போது வழிமறித்து நின்றவர் அலெக்சாண்டர் டொனால்டுசன். எடின்பரோ நகரத்து நூல் வணிகரான இவர், இலண்டனிலும் ஒரு கடை திறந்து, உரிமைக் காலம் கடந்த நூல்களை மிக மலிவாக விற்றுவந்தார். தாம்சன் பாட்டின் உரிமையை ஏலத்தில் எடுத்திருந்த தாமஸ் பெக்கட் முதலானோர் அவர்மேல் தடையுத்தரவு பெற்றனர். டொனால்டுசன் அஞ்சவில்லை. பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு செய்தார். நாட்டின் இறுதி நீதிமன்றம் அக்காலத்தில் அச்சபையே. அறிவைச் சில வணிகர் தம் பெட்டியில் பூட்டிவைத்து, விரும்பிய விலைக்கு விற்க இடங்கொடுக்கலாகாது என்னும் கருத்துப்படக் கேம்டன் பிரபு அங்கே அழுத்தமாகப் பேசினார். 1774-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் தீர்ப்பு வந்தது: என்றும் நிலைக்கும் உரிமை என்பது இல்லை, சட்டம் குறித்த காலம் முடிந்தால் நூல் பொதுமக்களுக்கு உரியது.

டொனால்டுசன் இலாபம் நாடிய வணிகரே, தியாகி அல்லர். எனினும் அவர் வாதாடி வென்றது அவர் ஒருவருக்காக மட்டும் அன்று. ஷேக்ஸ்பியரும் மில்டனும் அன்றுதான் ஐயத்திற்கிடமின்றி எல்லோர்க்கும் உரியவராயினர். 1777 முதல் ஜான் பெல் என்பவர் ஆங்கிலக் கவிஞரின் பாடல்களை 109 சிறு தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு தொகுதியின் விலை ஒன்றரை ஷில்லிங். இதனைக் கண்ட இலண்டன் வணிகர், தாமும் நல்ல பதிப்பொன்று கொண்டுவர வேண்டும் என்று முனைந்து, டாக்டர் ஜான்சனை அணுகிக் கவிஞர்தோறும் முன்னுரை எழுதித் தருமாறு வேண்டினர். ஜான்சனின் புகழ்பெற்ற 'கவிஞர் வரலாறுகள்' அவ்வாறு பிறந்ததே. பழைய நூல் பொதுவாகிவிட்டால் புதிய முயற்சிக்கு இடமில்லாது போகும் என்று அஞ்சியவருக்கு இது நல்ல விடை.

இனி, இக்கதையில் மெக்காலே வருகிறார். இந்நாட்டு ஆங்கிலக் கல்வி பற்றிய குறிப்பால் நீங்கள் அறிந்த அதே மெக்காலேதான். ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டு வரை உரிமை நீடிக்க வேண்டும் என்று ஒரு மசோதா 1841-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வந்தபோது அவர் அதனை எதிர்த்தார். எழுதுவோருக்கு வருவாய் தரும்பொருட்டுப் படிப்போர்மீது போடும் வரியே நூலுரிமை; வரி வேண்டியதுதான், ஆனால் வேண்டிய அளவுக்குமேல் ஒரு நாளும் நீடிக்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு அவர் எடுத்த சான்று மில்டனின் பேர்த்தி. எலிசபெத் ஃபாஸ்டர் என்னும் அம்மூதாட்டி வறுமையில் வாடினார். 1750-ஆம் ஆண்டு அவருக்கு உதவுவதற்காக ஒரு நாடகம் நடத்திப் பணம் திரட்ட வேண்டியதாயிற்று. அதே காலத்தில் அவர் பாட்டனாரின் காவியத்திற்கு நாங்களே உடையவர் என்று வணிகர் வழக்காடிக்கொண்டிருந்தனர். ஆசிரியரின் குடும்பத்தின் பேரால் கேட்கப்படும் நீண்ட உரிமை, குடும்பத்திற்கே பயன்படும் என்பதற்கு உறுதி இல்லை. 1842-இல் நிறைவேறிய சட்டம் 42 ஆண்டு, அல்லது ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குமேல் 7 ஆண்டும், இவற்றுள் எது மிகுதியோ அது என்று வரையறுத்தது.

ஆங்கில ஆட்சியோடு இச்சட்டங்களும் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தன. 1847-இல் ஒரு சட்டமும், 1914-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் இங்கு நடைமுறைக்கு வந்தன. பிந்தியது, ஆசிரியர் மறைந்த பின் 50 ஆண்டு வரை உரிமை உண்டு என்றது. ஆனால், நம் பழந்தமிழ் நூல்களுக்கு அதனால் தடை நேரவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். அவர்கள் பட்ட இடர்கள் பல: செல்லரித்த ஏடுகள், விளங்காத சொற்கள், பணமுடை. ஆனால், திருத்தக்க தேவரிடமும் இளங்கோவடிகளிடமும் உரிமை வாங்கி வந்தேன் என்று அவர்களை மறிப்பவர் எவருமில்லை. பழையது பொதுவாக இருந்தமையால்தான் அது மீண்டும் உயிர்பெற்றது.

அந்தத் தலைமுறைக்கு அடுத்து வந்த ஒரு கவிஞருக்கு நேர்ந்ததோ வேறு. அவர் சுப்பிரமணிய பாரதியார். 1920-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் இருந்துகொண்டு, தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாக வெளியிடவும், ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடவும் அவர் திட்டமிட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் செல்லும் என்று நம்பிக்கையோடு எழுதி, நண்பர்களிடம் முதல் கடனாகக் கேட்டார். கேட்ட பொருள் கிடைக்கவில்லை. 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 39 நிறையவில்லை. அவர் விட்டுச் சென்ற செல்வம் மனைவி செல்லம்மாளும், இரு புதல்வியரும், கையெழுத்துக் கட்டுகளுமே.

செல்லம்மாள் தளர்ந்துவிடவில்லை. 1922-இலேயே கணவரின் பாடல்களை அச்சிடத் தொடங்கினார். அதன்பின் பாரதியாரின் தம்பி சி. விசுவநாதனும் உறவினர், நண்பர் சிலரும் பாரதி பிரசுராலயம் என்னும் நிலையத்தை அமைத்து நூல்களை வெளியிட்டு வந்தனர். காலப்போக்கில் உரிமை விசுவநாதனிடம் சென்றது. 1928-இல் அன்னிய அரசாங்கம் பாரதி பாடல்களுக்குத் தடை விதித்து நூல்களைப் பறித்துச் சென்றது; சத்தியமூர்த்தி சென்னைச் சட்டசபையில் அதனைக் கண்டித்து முழங்கினார். தடையால் பாட்டு அடங்கவில்லை. ஊர்வலங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் பள்ளிச் சிறுவர் வாயிலும் அது ஒலித்தது. பாடியவர் எவரும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாடவில்லை.

இதற்கிடையே காலம் புதிய கருவிகளைத் தந்தது. இசைத்தட்டு வந்தது, பேசும் படம் வந்தது, வானொலி வந்தது. அச்சிடும் உரிமை வேறு, ஒலிபரப்பும் உரிமையும் இசைத்தட்டில் பதியும் உரிமையும் வேறு என்று உரிமை கிளைவிட்டது. பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதியவும் படத்தில் பாடவும் உள்ள உரிமை முதலில் ஒரு வணிகரிடம் விற்கப்பட்டு, பின்னர் அவரிடமிருந்து திரைப்பட அதிபர் ஏ. வி. மெய்யப்பரை அடைந்தது. அவர் 1947-இல் வெளியிட்ட 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள், விடுதலையை எதிர்நோக்கியிருந்த நாட்டில் பட்டிதொட்டியெங்கும் பரவின. பாரதியின் புகழ் பரவுவதற்கு அப்படமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

அடுத்த ஆண்டு, 1948-இல், நாடகக் கலைஞர்களான டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதியார் பாட்டு ஒன்று இடம்பெற்றது. பதிப்புரிமை மீறப்பட்டது என்று ஏ. வி. எம். நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுத்தது. தமிழ்நாடு திடுக்கிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1947 அக்டோபரில், எட்டயபுரத்தில் கல்கியின் முயற்சியால் பொதுமக்கள் தந்த காசைக் கொண்டு எழுப்பிய பாரதி மணிமண்டபத்தை இராஜாஜி திறந்து வைத்திருந்தார். கவிஞருக்கு மண்டபம் கட்டிய மக்கள், அவர் பாட்டைப் பாட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

மாணவர்களே, இவ்விடத்தில் நாம் நடுநிலை பிறழலாகாது. மெய்யப்பர் எவரையும் ஏமாற்றவில்லை. விலை கொடுத்து, பத்திரம் எழுதி, சட்டப்படி வாங்கினார். விசுவநாதனும் பல ஆண்டு உழைத்துத் தமையனாரின் நூல்களை வெளியிட்டவர். இவர்களைக் குற்றம் சொல்வது எளிது, ஆனால் முறையன்று. குற்றம் ஆட்களிடம் இல்லை, அமைப்பில் இருந்தது. ஒரு நாட்டின் எழுச்சிக்கே குரலான பாட்டை, மற்றப் பொருள்களைப் போலவே கிரயம் செய்யலாம் என்று இருந்த முறையே வினாவுக்குரியது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் தேசத் தொண்டர்களும், பாரதிக்கு விடுதலை வேண்டும் என்று இயக்கம் தொடங்கினர். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி. கே. சண்முகம் முதலியோர் இதில் ஊக்கத்துடன் உழைத்தனர். செல்லம்மாளையும் கண்டு அவருடைய இசைவைப் பெற்றனர். கவிஞரின் குடும்பத்தை ஒதுக்கிவிட்டுக் கவிஞரைக் கொண்டாட அவர்கள் விரும்பவில்லை என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

அப்போது சென்னை மாகாணத்தில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை ஆட்சி புரிந்தது. அரசாங்கமே பாரதியாரின் நூலுரிமையை ஏற்பது என்று முடிவாயிற்று. மெய்யப்பர் தாம் விலை கொடுத்து வாங்கிய உரிமையை, ஒரு காசும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கும், செல்லம்மாளுக்கும், புதல்வியர்க்கும் அரசாங்கம் ஒரு தொகை வழங்கியது. 1949-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்வி மந்திரி தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் இம்முடிவைச் சட்டசபையில் அறிவித்தார். முதலில் அரசாங்கமே பாரதி நூல்களைப் பதிப்பித்தது. பின்னர் 1950-களின் நடுவில், எவரும் அவற்றை அச்சிடலாம் என்று கதவு முழுதும் திறக்கப்பட்டது.

இதனால் விளைந்த பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாரதியார் மறைந்தது 1921. அதனோடு 50 ஆண்டைக் கூட்டினால் 1971. சட்டத்தின் கெடுவுக்கே காத்திருந்தால், 1971 முடியும் வரை அவர் பாடல்கள் தனியுடைமையாகவே இருந்திருக்கும். தமிழ் மக்கள் 22 ஆண்டு முன்னதாகவே அவற்றை அடைந்தனர். அந்த 22 ஆண்டுகளில் பள்ளிகளில் சேர்ந்து படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! மலிவுப் பதிப்புகள் பெருகின. நாற்பது நூல், பதினாயிரம் படி என்று 1920-இல் கவிஞர் கண்ட கனவு, அவர் காணாத காலத்தில், அவர் எண்ணியதற்கு மேலாகவே பலித்தது.

இதனோடு வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூரின் நூல்கள் சென்ற வழியை ஒப்பிட்டு நோக்குதல் நன்று. தாகூர் 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் மறைந்தார். அவருடைய நூலுரிமை, அவர் நிறுவிய விசுவபாரதியிடம் இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 50 ஆண்டே விதித்திருந்தது. எனவே 1991-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வுரிமை முடிய வேண்டும். அந்நாள் நெருங்கியபோது, நூல்கள் பிழைபட அச்சாகும், பாடல்களின் இசை சிதையும் என்று பலர் கவலைப்பட்டனர். மத்திய அரசாங்கம் அவசரச் சட்டம் ஒன்று பிறப்பித்தது. 1992-இல் சட்டமே திருத்தப்பட்டது. தாகூருக்காக எழுந்த திருத்தம், உரிமைக் காலம் அப்போது முடியாதிருந்த எழுத்தாளர் அனைவருக்கும் 60 ஆண்டு என்று கெடுவை நீட்டியது. பத்தாண்டு கழித்து, 2001 டிசம்பர் 31-ஆம் நாளுடன் தாகூரின் உரிமைக் காலம் முடிந்தது. தாகூரின் பாட்டு அழிந்துவிடவில்லை. புதிய பதிப்புகளும் புதிய மொழிபெயர்ப்புகளும் புதிய முறையில் பாடுவோரும் தோன்றினர். சிலருடைய முயற்சி நன்றாயிருந்தது, சிலருடையது நன்றாயில்லை. நல்லதைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு, காவலரிடமிருந்து கேட்போரிடம் வந்தது.

ஆகவே, ஒரு படைப்பு பொதுவாவதற்கு நம் நாட்டில் இரண்டு வழிகள் இருப்பதைக் காண்கிறோம். ஒன்று காலத்தின் வழி. ஆசிரியர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்கு, அவர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு சென்றால் உரிமை தானே தீர்கிறது. 1948-இல் மறைந்த காந்தியடிகளின் நூல்கள் 2009 பிறந்தபோது பொதுவாயின. 1964-இல் மறைந்த நேருவின் நூல்கள் 2025 பிறந்தபோது பொதுவாயின. மற்றொன்று அரசின் வழி. மரபுரிமையாளருக்குப் பரிவுத் தொகை தந்து, நூல்களை நாட்டுடைமையாக்குதல். பாரதியாரில் தொடங்கிய இவ்வழக்கம் தமிழ்நாட்டில் பல எழுத்தாளர்க்கு விரிந்தது. 1954-இல் மறைந்த கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையாயின. காலத்தின் வழியே சென்றிருந்தால் 2014 முடியும் வரை காத்திருக்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' இன்று ஒவ்வொரு புத்தகக் கடையிலும் பல பதிப்பகத்தாரின் பெயரோடு அடுக்கி வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

கதவு திறந்தால் காற்றும் வரும், தூசும் வரும். பாரதி பாடல்களை எவரும் அச்சிடலாம் என்றானபோது, பிழை மலிந்த பதிப்புகளும் வந்தன. அடி விட்டுப்போனதும் உண்டு; சொல் மாறியதும் உண்டு; தலைப்பைத் தம் மனம்போல் சூட்டியவரும் உண்டு. ஆயின், அதே திறந்த கதவின் வழியே அறிஞரும் வந்தனர். பெ. தூரன் பழைய சுதேசமித்திரன் இதழ்களைப் புரட்டி, மறைந்து கிடந்த எழுத்துகளைத் தொகுத்து 1953-இல் 'பாரதி தமிழ்' என வெளியிட்டார். ரா. அ. பத்மநாபன் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்புக் கொண்டுவந்தது. சீனி. விசுவநாதன் பாரதியாரின் எழுத்துகளைக் கால வரிசையில் அமைத்துப் பல தொகுதிகளாக வெளியிட்டார். பிழை செய்தவர்க்கும் பிழை களைந்தவர்க்கும் பொதுவுரிமை ஒன்றே. பயன்படுத்திய முறைதான் வேறு.

இலண்டனில் மில்டனின் பேர்த்தி பட்ட துயரையும், தமிழ்நாட்டில் செல்லம்மாளின் நிலையையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தால் ஒன்று புலனாகும். எழுதுவோர் உயிரோடிருக்கும்போது நாம் அவர்களுக்குத் தர வேண்டியதைத் தராமல் விட்டு, மறைந்த பின் உரிமையை எத்தனை ஆண்டு நீட்டினாலும் அக்குறை நிரம்பாது. 1920-இல் பாரதியார் கேட்ட கடனை அன்றைய தமிழர் கொடுத்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். ஆதலால், இன்று வாழும் எழுத்தாளரின் நூலைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்துவிட்டு, "அறிவு பொதுவன்றோ?" என்று வாதாடுவது பொருந்தாது. வாழ்வோர்க்கு உரியதை அவர்க்கு அளித்தல் வேண்டும். காலம் கனிந்த பின் பொதுவானதை அச்சமின்றி எடுத்தாளலாம். எல்லைக் கல் நடப்பட்டிருப்பது இரு பக்கத்தாரும் வாழ்வதற்கே.

இனி நீங்கள் பாரதியார் கவிதைத் தொகுதி ஒன்றை வாங்கும்போது, அதன் முன்பக்கத்தைச் சற்று நின்று பாருங்கள். எவர் பதிப்பித்தார், எந்த மூலத்தைப் பார்த்து அச்சிட்டார் என்று நோக்குங்கள். இரண்டு பதிப்புகள் கிடைத்தால் ஒரு பாட்டையேனும் ஒப்பிட்டுப் படியுங்கள். வேறுபாடு கண்டால் உங்கள் ஆசிரியரிடம் வினவுங்கள். மேடையில் அப்பாட்டைப் பாடினால் பாடியவர் பெயரைச் சொல்லுங்கள், சொல்லை மாற்றாதீர்கள். சட்டம் இப்போது உங்களிடம் இவற்றைக் கேட்டு வாங்காது. உரிமை தீர்ந்த நூலுக்குக் காவல் நிற்க வணிகரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அதைப் படிப்பவர்களே அதற்குக் காவல்.